எழும்பூர்க் 'கிர்க்': கிணறுகளின்மேல் நிற்கும் கோவில்

ஹைதராபாத் நகரின் கோட்டிப் பகுதியில் வாழும் நேயர்களுக்கு அங்குள்ள பழைய ரெசிடென்ஸி மாளிகை புதியதன்று. உயர்ந்த தூண்வரிசையும், அதன்மேல் முக்கோண முகப்பும், படிகளின் இருபுறமும் காவலிருக்கும் சிங்கங்களும் கொண்ட அம் மாளிகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்புவித்தவர், நிஜாமின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் என்பவர். 1764-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தவர் அவர். அவருடைய பெயரின் முற்பகுதியே இன்று நாம் பேசப்போகும் பொருளுக்கு வாயிலாக அமைகின்றது. 'கிர்க்' என்பது ஸ்காட்லாந்து நாட்டு மக்கள் தேவாலயத்துக்கு வழங்கும் சொல். 'கிர்க்பாட்ரிக்' என்றால் 'பாட்ரிக் அடியாரின் கோவில்' என்று பொருள்படும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பிறப்பு ஒரு தனி மகிழ்ச்சி தருவதாகும். ஆண்டவனுக்கு உரியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று 'கிர்க்' பிறந்தது என்பர் அறிஞர். தமிழில் 'கோ' என்பது தலைவன். 'இல்' என்பது வீடு. தலைவனது இல்லமே கோவில். ஆகவே கிர்க் என்னும் சொல்லைக் கோவில் என்று பெயர்ப்பது வெறும் வழக்கு மட்டுமன்று, வேர்ப்பொருளுக்கும் ஏற்புடையதே. அத்தகைய கிர்க் ஒன்று சென்னை எழும்பூரில், இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. தூய அந்திரேயா ஆலயம் என்பது அதன் முழுப்பெயர். ஆயினும் சென்னை மக்களிடையே 'தி கிர்க்' என்று சொன்னாலே போதும்.

பிரெஸ்பிட்டீரியன் சபை என்பது யாது?

கட்டடத்தை அறியுமுன் அதனைக் கட்டியவர்களின் கொள்கையை அறிதல் நலம். 'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். 1560-ஆம் ஆண்டில் ஜான் நாக்ஸ் முதலிய சீர்திருத்தத் தலைவர்களின் முயற்சியால் ஸ்காட்லாந்து நாடு ரோமாபுரியின் தலைமையினின்று விலகிற்று. காலப்போக்கில் அந்நாட்டுத் திருச்சபை, பிஷப்புமார்களின் ஆட்சியையும் வேண்டாமென்று ஒதுக்கிற்று. ஒவ்வோர் ஊர்ச் சபையையும் குருவானவரும், சபையார் நடுவிலிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற மூப்பர்களும் கூடியிருந்து நடத்துவர். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு வட்டாரச் சபை. அனைத்துக்கும் மேலாக நாடு முழுமைக்கும் ஒரு பொதுப் பேரவை. இதுவே மூப்பர் ஆட்சி முறை. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையால் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த செய்தியைக் கல்வெட்டில் கற்றிருக்கும் தமிழருக்கு, ஊராரே கூடித் தம் காரியத்தை நடத்திக்கொள்ளும் இவ்வமைப்பு விளங்காத ஒன்றன்று.

இச்சபையின் வழிபாட்டில் ஆடம்பரம் குறைவு, சடங்குகள் சில. வேதவாசகமும், அதனை விளக்கும் பிரசங்கமுமே நடுநாயகமானவை. ஆகவே, பிரசங்கியார் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொருவர் செவியிலும் விழவேண்டும் என்பது கட்டடக் கலைஞர்க்கு இடப்பட்ட முதற் கட்டளையாகும். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், எழும்பூர்க் கிர்க் ஏன் வட்டமாக அமைந்தது என்பதன் காரணம் எளிதிற் புலப்படும்.

சம உரிமைக்காக எழுந்த ஆலயம்

1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தன. இணைப்பின்போது, ஸ்காட்லாந்துத் திருச்சபை அந்நாட்டில் மாறாது காக்கப்படும் என்று உறுதி கூறப்பட்டது. ஆனால் இந்தியாவில் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளிலோ நெடுங்காலம் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார்களே கம்பெனியின் ஊதியம் பெற்றுப் பணியாற்றி வந்தனர். கம்பெனியின் படையிலும், அலுவலகங்களிலும், வணிக நிலையங்களிலும் ஸ்காட்லாந்துக்காரர் தொகை பெரிது. நில அளவையிற் புகழ்பெற்ற காலின் மெக்கன்சியும், பின்னாளில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோவும் ஸ்காட்லாந்தினரே. தம் நாட்டுச் சபைக்கும் சம மதிப்பு வேண்டும் என்று இவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

1813-ஆம் ஆண்டில் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டது. அதன் விளைவாகக் கல்கத்தாவில் ஆங்கிலிகன் பிஷப் ஒருவர் அமர்த்தப்பெற்றார். அதனை ஒட்டி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகர்களிலும் ஸ்காட்லாந்துச் சபையின் குரு ஒவ்வொருவரை நியமிக்கக் கம்பெனி இசைந்தது. சென்னைக்கு வந்தவர் ஜான் ஆலன் என்பவர். ஆயினும் நியமனத்தோடு வழக்குத் தீர்ந்துவிடவில்லை. இக்குருமார்கள் நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி செல்லுமா என்ற ஐயம் கிளம்பிற்று. மணமக்களின் வாழ்வையும், அவர்தம் பிள்ளைகளின் சொத்துரிமையையும் தொடும் கேள்வி அது. 1818-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றி அவ்வையத்தை நீக்கிற்று.

அதே 1818-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் எழும்பூரில் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1821-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, ஆலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இங்ஙனம், ஒரு சிறு கூட்டத்தார் தம் உரிமையைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நிலைநாட்டிய வரலாறாகவும் இவ்வாலயத்தை நாம் படிக்கலாம்.

கட்டியவர் வரலாறு

ஆலயத்தை வரைந்து கட்டியவர் தாமஸ் ஃபியாட் டி ஹாவிலண்ட். ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கெர்ன்சியில் 1775-இல் பிறந்து, சென்னைப் பொறியியற் படையில் சேர்ந்தவர். கோட்டி மாளிகையைக் கட்டிய சாமுவேல் ரஸ்ஸலும் அதே படையைச் சேர்ந்தவரே என்பது நேயர்கள் கருதத்தக்கது.

டி ஹாவிலண்டின் வாழ்வில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரியின்மேல் நீண்ட செங்கல் வளைவுகளைக்கொண்டு பாலம் அமைக்கலாம் என்று அவர் கூறினார். அவ்வளவு அகன்ற வளைவு செங்கல்லில் நில்லாது என்று மேலதிகாரிகள் எள்ளினர். அவர் சொல்லால் விடை கூறவில்லை. தம் தோட்டத்திலேயே ஏறக்குறைய நூறடி அகலமுள்ள செங்கல் வளைவு ஒன்றைக் கட்டிக்காட்டினார். 1808-ஆம் ஆண்டளவில் எழுந்த அவ்வளைவு, பாலம் எதனையும் தாங்காமல், தன்னைத்தானே தாங்கிக்கொண்டு 1936-ஆம் ஆண்டு வரையில் நின்றது.

அடுத்த ஆண்டே அவருக்கு இடர் வந்தது. 1809-இல் சென்னைப் படையின் ஆங்கில அதிகாரிகள் தம் அரசாங்கத்தின்மீதே கலகம் விளைத்தனர். மசூலிப்பட்டணத்திலும், ஸ்ரீரங்கப்பட்டணத்திலும், நம் ஹைதராபாத்துத் துணைப்படையிலும் அக்குழப்பம் பரவிற்று. அதில் தொடர்புகொண்டமைக்காக டி ஹாவிலண்ட் பதவி இழந்து, சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சென்னைக்கு வந்தபின் தூய ஜார்ஜ் பேராலயத்தின் கட்டட வேலையிலும், கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவர் வேலையிலும் ஈடுபட்டார். இத்தனை அனுபவமும் ஒருங்கே திரண்ட வேலை எழும்பூர்க் கிர்க் ஆகும்.

இலண்டனில் தள்ளப்பட்டது, எழும்பூரில் கொள்ளப்பட்டது

இலண்டனில் 'செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ்' என்று ஓர் ஆலயம் உண்டு. 1721 முதல் 1726 வரை கட்டப்பெற்ற அதன் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் என்பவர். ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரத்தார். கிரேக்கக் கோவில்களைப் போன்ற தூண் முகப்பை முன்னே நிறுத்தி, அதன் பின்னிருந்து ஊசிக் கோபுரத்தை மேலெழுப்பியது அவர் கண்ட புதுமை. ஆங்கிலேயர் சென்ற நாடெல்லாம் அவ்வமைப்புப் பரவிற்று. எழும்பூர்க் கிர்க்கின் முகப்பும் அதனைப் பின்பற்றியதே.

ஆனால் உள்ளே சென்றால் வேறுபாடு தெரியும். இலண்டன் ஆலயத்தின் உள்ளிடம் நீள்சதுரம். எழும்பூரிலோ அது வட்டம். இவ்வட்டமும் கிப்ஸின் எண்ணத்தில் தோன்றியதுதான். செயின்ட் மார்ட்டின் ஆலயத்துக்கு முதலில் அவர் வட்ட வடிவிலேயே படம் வரைந்தார். செலவு மிகுதியாகும் என்று அது தள்ளப்பட்டது. தள்ளப்பட்ட அப்படங்களை 1728-இல் தாம் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் அவர் சேர்த்துவைத்தார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து, இலண்டன் வேண்டாமென்ற வட்டத்தை எழும்பூர் ஏற்றுக்கொண்டது. பிரசங்கத்தை முதன்மையாகக் கொண்ட சபைக்கு வட்டம் பொருத்தமான வடிவம். நீண்ட மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்க்குப் பிரசங்க மேடை மிகத் தொலைவு; வட்டத்திலோ எவரும் வெகுதூரத்தில் இல்லை. வளைந்து செல்லும் மரத்தாலான இருக்கைகளில் சபையார் மேடையைச் சூழ்ந்து அமர்வர்.

மண்ணுக்குள் மறைந்த கிணறுகள்

இனி, ஆலயத்தின் மிகப் பெரிய விந்தையைக் காண்போம். அது கண்ணுக்குத் தெரியாதது. எழும்பூரில் ஆலயத்துக்கென வாய்த்த நிலம் ஈரமும் நெகிழ்ச்சியும் உடையது. கனத்த கட்டடத்தைத் தாங்கும் உறுதி மேல்மண்ணுக்கு இல்லை. டி ஹாவிலண்ட் இந்நாட்டுத் தொழிலாளர் அறிந்திருந்த பழைய முறையைக் கைக்கொண்டார். அதுவே கிணற்று அடித்தளம்.

அதன் செய்முறை இது. தரையின்மீது வட்டமாக ஓர் உறையை அமைப்பர். உள்ளே இறங்கி மண்ணைத் தோண்டி வெளியேற்றுவர். அடியில் மண் குறையக் குறைய, உறை தன் பாரத்தினாலேயே கீழே இறங்கும். மேலே மேலே உறையை உயர்த்திக்கொண்டே தோண்டினால், இறுதியில் அது கெட்டி மண்ணை எட்டி நிற்கும். பிறகு உள்ளிடத்தைக் கெட்டிக்கப்பட்ட கலவையால் நிரப்பினால், கிணறு தூணாக மாறிவிடும். அத்தகைய தூண்கள் பலவற்றின்மீது கட்டடத்தின் பாரம் பகிர்ந்து இறங்கும். எழும்பூர்க் கிர்க்கின் அடியில் செங்கல்லாலும் சுட்ட மண்ணாலும் ஆன இத்தகைய கிணறுகள் 150 உள்ளன. அவற்றின் ஆழம் 14 அடி முதல் 50 அடி வரையிலாகும்.

சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு அமைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. உறைகிணறு என்பது அதன் பெயர். அரிக்கமேட்டிலும், அண்மைக் காலத்தில் கீழடியிலும் நடந்த அகழாய்வுகளில் அத்தகைய உறைகிணறுகள் வெளிப்பட்டுள்ளன. நீர் எடுப்பதற்கென்று நம் முன்னோர் கண்ட உத்தியும், நிலத்தை வெல்வதற்கென்று எழும்பூரில் கையாண்ட உத்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. படம் ஐரோப்பியருடையது, படத்தைத் தாங்கி நிற்கும் அறிவு இம்மண்ணினுடையது என்று கூறுதல் மிகையாகாது.

மரமில்லாத கூரை

நிலத்துக்கு அடுத்த பகை கறையான். சென்னையின் வெப்பமும் ஈரமும் மரத்துக்கு ஆகாதவை. பெரிய உத்தரங்களையும் கறையான் அரித்துவிடும். ஆகவே கூரையில் மரத்தைத் தவிர்த்துச் செங்கல்லாலேயே வட்டக் கவிகையை எழுப்பத் துணிந்தார் டி ஹாவிலண்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தோட்டத்தில் செய்துபார்த்த சோதனை இங்கே பயன்பட்டது.

வட்ட மண்டபத்தின் குறுக்களவு ஏறக்குறைய 80 அடி. அத்தனை அகலத்தையும் ஒரே கவிகையால் மூடவில்லை. உள்ளே கொரிந்தியப் பாணியில் அமைந்த 16 தூண்கள் வட்டமாக நிற்கின்றன. தூண்களுக்கும் புறச்சுவருக்கும் இடையிலுள்ள பகுதியை மோதிரம்போல் வளைந்து சுற்றிவரும் செங்கல் வளைவு மூடுகின்றது. நடுவிலுள்ள வட்டத்தைத் தாழ்ந்த கவிகை மூடுகின்றது. கவிகை எப்பொழுதும் தன் அடிவிளிம்பை வெளிப்புறமாகத் தள்ளும் இயல்புடையது. அத்தள்ளுதலைச் சுற்றிலுமுள்ள மோதிர வளைவு ஏற்று, புறச்சுவருக்குக் கொண்டுசெல்கின்றது. கவிகையின் கனத்தைக் குறைப்பதற்குச் செங்கற் சட்டங்களுக்கு இடையே சுட்ட மண்ணாலான கூம்புகள் நிரப்பப்பட்டன. உள்ளே வெறுமையாக உள்ள மட்கலங்களைக்கொண்டு கவிகையை இலேசாக்கும் முறை ரோமானியர் அறிந்ததே. இத்தாலியின் ராவென்னா நகரில் ஆறாம் நூற்றாண்டில் எழுந்த சான் விட்டாலே ஆலயத்தின் கவிகை அதற்குச் சான்று. அம்முறை எழும்பூரில் குயவர் கைவண்ணத்தால் நிறைவேறிற்று.

கவிகையின் உட்புறம் ஆழ்ந்த நீலம். அதில் பொன்னிற விண்மீன்கள். வெளியே வெயில் கடுமையாக எரிக்கும் வேளையிலும், அண்ணாந்து பார்ப்பவர்க்கு மாலை வானத்தின்கீழ் இருப்பதுபோன்ற அமைதி உண்டாகும். முகப்பில் அயோனியப் பாணியில் அமைந்த 12 தூண்கள் இரட்டை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னிருந்து கோபுரம் 166 அடிக்குச் சற்று மேலாக உயர்கின்றது. தூண்களுக்கும் சுவர்களுக்கும் பளிங்கின் பொலிவைக் கொடுத்தது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றி, மணலுடன் அரைத்து, வெல்லநீர், தயிர், முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் அக்கலையை அந்நாளைய ஐரோப்பியப் பயணிகள் பலர் வியந்து எழுதியுள்ளனர்.

ஆலயமும் பள்ளியும்

ஸ்காட்லாந்தில் ஆலயமும் பள்ளியும் பிரியாதவை. ஒவ்வோர் ஆலயச் சேகரத்திலும் ஒரு பள்ளி இருத்தல் வேண்டும் என்று 1696-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. அவ்வழக்கம் எழும்பூருக்கும் வந்தது. 1835-இல் கிர்க்கின் குருமார்கள் தூய அந்திரேயா பள்ளி என்ற ஒன்றைத் தொடங்கினர். அதனை நடத்தத் தம் நாட்டுச் சபையினின்று ஒருவரை அனுப்புமாறு வேண்டினர். அவ்வாறு வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் பொதுப் பேரவைப் பள்ளி என்ற பெயரால் அப்பணியைப் புதிதாக நிறுவினார். அப்பள்ளியே வில்லியம் மில்லர் காலத்தில் வளர்ந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் பெற்று, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. பல சமயத்தாரும் பயின்று சிறந்த அப்பெருங்கல்லூரியின் தொடக்கம் எழும்பூர்க் கிர்க்கின் நிழலில்தான் அமைந்தது.

இடையில் ஒரு பிளவும் நேர்ந்தது. சபைக்குக் குருவைத் தெரிந்தெடுக்கும் உரிமை சபையாருக்கா, நிலப்பிரபுக்களுக்கா என்ற வழக்கு முற்றி, 1843-இல் ஸ்காட்லாந்துச் சபை இரண்டாகப் பிரிந்தது. குருமார்களுள் மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்பட்டோர், வீட்டையும் ஊதியத்தையும் துறந்து வெளியேறிச் சுயாதீன சபையை அமைத்தனர். ஆண்டர்சனும் அவர்களோடு சென்றார். எழும்பூர் ஆலயமோ பழைய சபையிடமே நின்றது. கொள்கைக்காக ஊதியத்தை இழக்கத் துணிந்தவர்களின் பள்ளியும், சம உரிமைக்காக எழுந்த ஆலயமும் ஒரே நகரில் வெவ்வேறு வழிகளில் நடந்தன.

காலத்தின் மாறுதல்களை ஆலயத்துக்குள்ளும் காணலாம். ஸ்காட்லாந்துச் சபையார் நெடுங்காலம் இசைக்கருவியின்றியே சங்கீதங்களைப் பாடிவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆர்கன் என்னும் குழலிசைப் பேழைக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துக் கானகர் நிறுவனத்தார் செய்த ஆர்கன் 1883-இல் எழும்பூரில் அமைக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. பிஷப்பை ஏற்றவரும் மறுத்தவரும் ஒரே சபையாக இணைந்த அரிய நிகழ்ச்சி அது. எழும்பூர்க் கிர்க்கும் இன்று அத்திருச்சபையைச் சேர்ந்ததே. சம மதிப்புக்காக வழக்காடிய இரு சபையாரின் வழித்தோன்றல்கள் இன்று ஒரே பந்தியில் அமர்கின்றனர்.

காக்கும் கடமை

பழைய கட்டடத்தைக் காப்பது புதிய கட்டடத்தைக் கட்டுவதினும் அரிது. சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் சிறிது ஈரத்தை ஏற்று, வெயிற்காலத்தில் அதனை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல்லை உப்பாக அரிக்கும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கேடாக முடிவதுண்டு. அவ்வாறே அடியிலுள்ள கிணறுகளின் உறுதியும் சுற்றிலுமுள்ள மண்ணின் இயல்பைச் சார்ந்தது. ஆகவே, சுண்ணாம்பை நீற்றவும் அரைக்கவும் தெரிந்த கைகள் மறைந்துபோகாமல் காப்பதும் ஆலயத்தைக் காப்பதன் ஒரு பகுதியாகும். ஹைதராபாத்திலும் இப்பாடம் பொருந்தும். கோட்டி மாளிகை நெடுங்காலம் சிதைவுற்றுக் கிடந்து, பெருமுயற்சியால் புதுப்பிக்கப்பட்டதை நாம் கண்டோம்.

டி ஹாவிலண்டின் பெயரை ஏடுகள் காத்துள்ளன. ஐம்பது அடி ஆழத்தில் சேற்றில் நின்று மண்ணை வாரியவர்கள், கூம்புகளை வனைந்த குயவர்கள், சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியவர்கள் ஆகியோரின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. அவர்கள் வேலை மட்டும் நிற்கின்றது. கட்டுவித்தவர் கடல்கடந்து வந்தவராயினும், கட்டியவர் நம்மவர். ஆகவே அதனைக் காக்கும் கடமையும் நம்முடையதே.

அடுத்த முறை சென்னைக்குச் செல்லும் நேயர்கள், சென்ட்ரல் நிலையத்தினின்று மேற்கே செல்லும் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் எழும்பூர்ப் பக்கமாகச் சிறிது தூரம் செல்லுக. வெண்ணிறக் கோபுரம் வழிகாட்டும். உள்ளே சென்று நீல வானத்தை அண்ணாந்து காண்க. வெளியே வரும்போது, காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் 150 கிணறுகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்க.